மூன்று நிமிடச் சண்டை

எங்கள் அப்புச்சி காலத்தில் ஒரு ஜோடிச் சேவலைக் களத்தில் இறக்கினால் முடிவு தெரிய இரண்டு மணி நேரம் ஆவது சாதாரணம். கால் மணி நேரம் விடுவார்கள், கால் மணி நேரம் தண்ணிக்கு எடுப்பார்கள், மறுபடியும் விடுவார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நடுவில் போய் டீ குடித்துவிட்டு வந்து உட்காருவார்கள். இன்றைக்கு அதே அமராவதி ஆற்றங்கரையில், சீமைக்கருவேலம் புதருக்குள் நடக்கும் சண்டை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பல நேரங்களில் அவ்வளவுகூட ஆவதில்லை. ஒரு சேவல் செத்துவிடுகிறது. பணம் கை மாறுகிறது. பைக்குகள் நாலா பக்கமும் பறக்கின்றன.

இரண்டு மணி நேரம் எப்படி மூன்று நிமிடமாகச் சுருங்கியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சுருக்கத்துக்கு நாம் எல்லோரும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சேவலே வளர்க்காதவர்களும் கொடுக்கிறார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் சாவக்கட்டு என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெத்துக்கால். சேவல் தன் காலோடு, தன் முள்ளோடு மட்டும் சண்டை போடும். இன்னொன்று கத்திக்கால். காலில் சிறு கத்தியைக் கட்டி விடுவார்கள். அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசில் பொங்கலை ஒட்டி நடக்கும் சேவல்கட்டு கத்திக்காலுக்குப் பேர் போனது. பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் சேவலோடு வருவார்கள். ஆகவே கத்தி நேற்று முளைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது அன்றும் இருந்தது. ஆனால் அன்றைக்குக் கத்தி ஒரு வகை. இன்றைக்கு ஒளிந்து நடப்பதில் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

அம்மாவின் அப்பாவான அப்புச்சி வெத்துக்கால்காரர். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் சுற்று வட்டாரத்தில் எந்தக் களமானாலும் ஜோடி போட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஜோடி போடுவது என்றால் இரண்டு சேவலையும் கையில் தூக்கி எடை பார்ப்பது, உயரம் பார்ப்பது, முள்ளின் நீளம் பார்ப்பது, பொருந்தாததைத் திருப்பி அனுப்புவது. காகம், வல்லூறு, கீரி, மயில் என்று நிறத்துக்கொரு பேர் உண்டு. எந்த நிறம் எந்தக் கிழமையில், எந்தப் பொழுதில் ஜெயிக்கும் என்று பஞ்சபட்சி சாஸ்திரம் பார்த்துச் சொல்கிறவர்கள் களத்தில் உண்டு. அப்புச்சி அதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்வாரே தவிர, கையில் தூக்கிப் பார்க்காமல் ஒரு ஜோடியும் சேர்த்ததில்லை. "பலம் சமமா இருக்கோணும் கண்ணு. இல்லாட்டி அது சண்டையில்ல, அடி" என்பார் என்னிடம்.

களத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். சேவல் புறம் காட்டி ஓடிவிட்டால் அத்தோடு முடிந்தது, மறுபடி இழுத்து விடக்கூடாது. கழுத்தைத் தரையில் போட்டுவிட்டால் தூக்கிவிட வேண்டும். தொண்டையில் ரத்தமோ சளியோ கட்டிக்கொண்டு மூச்சுத் திணறினால், ஒரு இறகை வாய்வழியாக விட்டுச் சுழற்றி எடுப்பார்கள். கிழிந்த இடத்தை ஊசி நூல் போட்டுத் தைத்து, மஞ்சள் அப்பி, வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுப்பார்கள். அவர் கை தூக்கினால் எந்தக் கவுண்டரும் எந்தப் பண்ணையக்காரரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. குடித்துவிட்டு வந்தவனைக் களத்துக்கு வெளியே உட்கார வைப்பார்கள்.

சேவலை வளர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். கம்பும் சோளமும் ஊற வைத்துப் போடுவார். கிணற்றில் நீச்சல் விடுவார், காலுக்கும் மூச்சுக்கும் பலம் ஏறுவதற்காக. இரண்டு வயது ஆகாத சேவலைக் களத்துக்கு எடுத்துப்போகவே மாட்டார். அவருடைய கட்டுத்தரையில் நின்ற அசீல் சேவல்கள் மனிதரை நிமிர்ந்து பார்க்கும்.

இதையெல்லாம் எழுதும்போது எங்கள் அம்மாயியை விட்டுவிட்டு எழுதினால் பாதிதான் சொன்னதாகும். ஒரு கண் போன சேவல் ஒன்று வாசலில் எப்போதும் நிற்கும். தானியம் போட்டால் அந்தப் பக்கத்தில் விழுந்தது அதற்குத் தெரியாது. அம்மாயி குனிந்து அதைக் கூட்டி நல்ல கண் இருக்கும் பக்கம் தள்ளிவிடுவார். அப்புச்சி காதில் விழும்படி சொல்வார்: "கண்ணைக் குடுத்துட்டு வந்திருக்குது. கம்பைப் போட்டாத் தீந்துருமாக்கும்?" அப்புச்சி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. வெத்துக்காலிலும் கண் போகும், மூக்கு உடையும், சில சேவல் அன்று ராத்திரியே செத்தும் போகும். சேவல் சண்டையே வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பக்கத்தில் எங்கள் அம்மாயியும் நிற்கிறார்.

ஆனால் அது எல்லார் கண் முன்னாலும் நடந்தது. இந்த மண்ணில் அது எவ்வளவு காலமாக ஊர்ப் பொதுக் காரியமாக இருந்தது என்பதற்குக் கல்லே சாட்சி இருக்கிறது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு நடுகல் எடுத்திருக்கிறார்கள். சுமார் 5ஆம் நூற்றாண்டு, வட்டெழுத்து. அது மேற்சேரியின் சேவல். இந்தளூரில் இன்னொரு கல். அது கீழ்ச்சேரியின் சேவல், பொற்கொற்றி என்று பேரோடு வெட்டியிருக்கிறார்கள். சேவலுக்குச் சொந்தக்காரன் பேர் அல்ல, சேரியின் பேர். ஒரு தெருவே சேர்ந்து வளர்த்து, தெருவே சேர்ந்து களத்துக்குக் கொண்டுவந்து, செத்ததும் தெருவே கல் நட்டிருக்கிறது. குறுந்தொகையில் குப்பைக் கோழியார் என்று ஒரு புலவர் இருக்கிறார். குப்பைமேட்டில் தாமாகவே மோதிக்கொள்ளும் சேவல்களைப் பாடியதால் அந்தப் பேர். விலக்கிவிட ஆள் இல்லாத சண்டை, தானாக ஓய்ந்தால்தான் உண்டு என்பது அந்த உவமையின் உயிர். சண்டைக்கு விலக்குகிறவர் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அப்புச்சி செய்தது அந்த வேலைதான்.

களத்தில் வசூலான பணமும் ஊருக்கு வந்தது. சேவல் இறக்க ஒரு தொகை, கடை போட ஒரு தொகை. அது கோயில் கணக்கில் போய்ச் சேரும். ஒரு வருசம் பள்ளிக்கூடத்து ஓடு மாற்றியது அந்தப் பணத்தில்தான் என்று அப்புச்சி சொல்லியிருக்கிறார். இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டும் அல்ல. 1958இல் பாலித் தீவின் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்யப் போன அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கியர்ட்ஸ், அங்கே பார்த்த சேவல் சண்டையைப் பற்றி 1972இல் ஒரு பெயர்பெற்ற கட்டுரை எழுதினார். அந்தச் சண்டையை ஊரார் நடத்தியது புதுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்க்க. துப்பாக்கியோடு லாரியில் போலீஸ் வந்து இறங்கியதும் ஊரே ஓடியது. கியர்ட்ஸும் அவர் மனைவியும் சேர்ந்து ஓடினார்கள். அங்கும் சண்டை நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பணம் என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்கு அதைப் படித்தபோது தோன்றியது.

சட்டம் புதிது அல்ல. அப்புச்சி களத்தில் நின்ற காலத்திலேயே அது இருந்தது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலனாக, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்த அம்மையாரின் இரக்கத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கேளிக்கைக்காக விலங்குகளை மோதவிடுவதும், அதற்கு இடம் ஏற்பாடு செய்வதும் குற்றம் என்று அந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்கிறது. முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. மூன்று வருசத்துக்குள் மறுபடி பிடிபட்டால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் 50 ரூபாய் என்பது ஒரு குடியானவனை உலுக்கும் தொகை. இன்றைக்கு அதற்கு அரை லிட்டர் பெட்ரோல் வரும். தண்டனையைக் கூட்ட 2022இல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்து தீர்ப்புச் சொன்ன பிறகு காற்று மாறியது. விலங்கு சம்பந்தப்பட்ட எந்த விளையாட்டானாலும் அதிகாரிகள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். காளைக்கு 2017 ஜனவரியில் மெரினா எழுந்து நின்றது. மாநில அரசு சட்டம் திருத்தியது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இப்போது ஜல்லிக்கட்டுக்கு விதிகள் இருக்கின்றன. ஆட்சியர் அனுமதி, கால்நடை மருத்துவர் பரிசோதனை, தடுப்பு வேலி, ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கின்றன. சேவலுக்கு அப்படி ஒரு திருத்தம் இல்லை. பொங்கல் நெருங்கும்போது யாராவது உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். கத்தி கூடாது, சூது கூடாது என்ற நிபந்தனைகளோடு சில இடங்களுக்கு வெத்துக்கால் நடத்த அனுமதி கிடைக்கிறது, சில இடங்களுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்காத இடங்களில் சண்டை நின்றுவிடுகிறதா என்றால், இல்லை. புதருக்குள் போகிறது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன மூன்று நிமிடம் வருகிறது. போலீஸ் எந்த நேரமும் வரலாம் என்று பயந்து நடத்துகிறவன் வெத்துக்கால் நடத்த மாட்டான். இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் கூட்டத்தை உட்கார வைக்க அவனால் முடியாது. தண்ணிக்கு எடுக்க நேரம் இல்லை, ஒத்தடம் கொடுக்க நேரம் இல்லை, எடை பார்த்து ஜோடி சேர்க்க நேரம் இல்லை. அவனுக்கு வேண்டியது சீக்கிரம் முடியும் சண்டை. சீக்கிரம் முடிப்பது கத்தி. கத்திச் சண்டை எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த பந்தயம். ஒரு பொழுதில் வெத்துக்காலில் நாலு ஜோடி பார்த்த இடத்தில், கத்தியில் நாற்பது ஜோடி பார்க்கலாம். செத்த சேவலைக் கோச்சை என்று ஜெயித்தவன் எடுத்துப்போகிறான். அன்றைக்கு இரண்டு வருசம் வளர்த்த சேவல் மூன்று தண்ணிக்கு, அதாவது மூன்று சுற்றுக்கு, நின்று, தோற்றாலும் உயிரோடு வீட்டுக்கு வந்தது. இன்றைக்கு எட்டு மாதச் சேவலைக் கத்தி கட்டி இறக்குகிறார்கள். சாகப்போகும் சேவலுக்கு எதற்கு இரண்டு வருசத் தீனி என்கிறார்கள். சேவலைக் காப்பாற்ற வந்த தடை, இரண்டு வகைக்குள் சேவலை நிச்சயமாகக் கொல்லும் வகையைப் பொறுக்கி எடுத்து வளர்த்துவிட்டது.

கத்தி கட்டுவதும் எல்லோருக்கும் வரும் வேலை அல்ல. அந்தக் காலத்தில் கட்டுக்காரர் என்று ஊரறிந்த ஆள் இருப்பார். கத்திகள் அவர் பெட்டிக்குள் உறை போட்டு இருக்கும். களத்தில் சேவலை இறக்கும் கணத்தில்தான் உறையை எடுப்பார். பிள்ளைகள் நிற்க ஒரு கோடு கிழித்திருப்பார்கள். இன்றைக்கு வாட்ஸாப்பில் இடம் வருகிறது. இருபது வயதுப் பையன் பைக்கை நிறுத்திவிட்டு அவசரத்தில் தானே நூலைச் சுற்றுகிறான். யாராவது "போலீஸ்!" என்று கத்தினால், கத்தி கட்டிய சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான். 2021 பிப்ரவரியில் தெலங்கானாவின் ஜகித்யால் மாவட்டம் லொத்துனூரில், களத்துக்குக் கொண்டுவந்த சேவல் திமிறியபோது அதன் கால் கத்தி இடுப்புக்குக் கீழே பாய்ந்து ஒருவர் ரத்தம் போய் இறந்துவிட்டார். அந்தச் சேவலைப் போலீஸ் நிலையத்தில் கட்டி வைத்துத் தீனி போட்ட படம் உலகம் முழுக்கப் போனது. இறந்தவருக்கு வீடு இருந்தது, குடும்பம் இருந்தது. தெரிந்தவர்களோடு தெரிந்த இடத்தில் நடந்திருந்தால் அந்த உயிர் நிச்சயம் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒளிவில் நடக்கும்போது அடிபட்டவரை ஓடிவந்து தூக்கவும் தயங்குவார்கள் என்பது எங்கள் பக்கத்து அனுபவம்.

எங்கள் அக்கா மகன் ஒருமுறை மாட்டுப் பொங்கலன்று பிடிபட்டான். ஜாமீன் கையெழுத்துப் போட நான்தான் போனேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டவை சேவல்கள்தான். ஜன்னல் கம்பியில் ஒன்று, வேப்பமரத்தில் ஒன்று, ரைட்டர் மேசைக் காலில் ஒன்று, படிக்கட்டில் பஞ்சாரம் கவிழ்த்து இரண்டு. பக்கத்துப் பக்கத்தில் கட்டினால் அங்கேயே சண்டைக்கு நிற்கும் என்பதால் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். ஏட்டையா ஒருவர் சொம்பில் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு வீட்டுக்குப் போகாத களைப்பு முகத்தில் இருந்தது.

"வாங்க சார், உக்காருங்க. கையெழுத்துத்தானுங்க, போட்டரலாம்" என்றார். நான் சேவல்களைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "புடிச்சுட்டு வந்த ஆளுகளுக்குச் சாப்பாட்டுப் படி இருக்குதுங்க. இதுகளுக்குக் கம்பு வாங்கற காசை எதுல எழுதறதுன்னு யாருக்கும் தெரியலைங்க. நாங்களே போட்டு வாங்கறோம். ஒண்ணு செத்துப்போச்சுன்னா அதுக்கு வேற அறிக்கை எழுதோணும். நேத்து ராத்திரி பக்கத்து ஊர்ல ஒரு வீட்ல பூட்டை ஒடச்சுட்டானுங்க. போறதுக்கு ஆளில்லீங்க சார். எல்லாரும் காட்டுக்குள்ள சாவல் தொரத்திக்கிட்டு இருந்தோம்."

அந்தக் கடைசி வாக்கியம் என் மனதில் நின்றுவிட்டது. பூட்டை உடைத்த வீட்டுக்காரர்கள் சேவல் வளர்த்தவர்களாக இருக்க வாய்ப்பில்லை. வரி கட்டுகிறவர்கள், பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போனவர்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் பிடித்து வைத்த பைக்குகள் வரிசையாக நின்றன. சில வருசங்களாக நிற்பவை துருப்பிடித்து, டயர் மண்ணோடு ஒட்டிக்கிடந்தன. அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவன் வேலைக்குப் போக வைத்திருந்த வண்டி. கூலிக்காரன் வண்டி நிற்கிறது, பெரிய பந்தயக்காரன் வண்டி அங்கே நின்று நான் பார்த்ததில்லை. அவன் காரை ரோட்டில் நிறுத்திவிட்டு, ஆள் வைத்துப் பணம் கட்டுகிறான்.

பிறகு கோர்ட்டு. 1960ஆம் வருசச் சட்டத்தோடு 1930ஆம் வருசச் சூதாட்டச் சட்டத்தையும் சேர்த்து வழக்கு எழுதுவார்கள். வாய்தாவுக்கு வாய்தா இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். எங்கள் பையன் கடைசியில் கட்டிய அபராதத்தைவிட, அவர்கள் வந்துபோன பஸ் செலவு அதிகம் இருக்கும். சேவல்கள் வழக்குச் சொத்து. வழக்குச் சொத்தான விலங்குகளைப் பராமரிக்க 2017இல் மத்திய அரசு தனியாக விதிகள் கொண்டுவந்தது. மாடு பிடிபட்டால் கோசாலை என்று ஒன்றைத் தேடியாவது பிடிக்கலாம். சேவலுக்கு எங்கள் தாலுகாவில் எங்கே போவது? ஏலம் விட்டார்கள். ஏலம் கேட்க வந்தவர்களில் கறிக்கடைக்காரர்களும் இருந்தார்கள், சேவல் சண்டைக்காரர்களும் இருந்தார்கள். நல்ல கால் உள்ள சேவல்கள் சண்டைக்காரர்களிடமே திரும்பிப் போயின. மற்றவை கறிக்கடைக்குப் போயின. எந்தச் சேவலின் வதையைத் தடுக்க அத்தனை போலீஸும் கோர்ட்டும் கூடியதோ, அந்தச் சேவல்களில் ஒன்றுகூடக் காப்பாற்றப்பட்டு எங்கும் போகவில்லை.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். எங்கள் பக்கத்திலிருந்து கிழக்கே போனால் நாமக்கல் முட்டைப் பண்ணைகள், மேற்கே போனால் பல்லடம் பிராய்லர் பண்ணைகள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டில் விழும் முட்டை இந்த வட்டாரத்து முட்டை. வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய் வந்தால் கொட்டகை கொட்டகையாகச் சாகும். கால்நடைத் துறை வருசா வருசம் புறக்கடைக் கோழிகளுக்கு முகாம் போட்டு இலவசமாக ஊசி போடுகிறது. நான் எங்கள் மாப்பிள்ளையிடம், அதே அக்கா மகனிடம், கேட்டேன், அவன் சேவல்களை முகாமுக்குக் கொண்டுபோகிறானா என்று. "எப்படி மாமா கொண்டுபோறது? இத்தனை சாவல் எதுக்குன்னு கேப்பாங்க. பேரை எழுதிக்குவாங்க" என்றான். கடையில் மருந்து வாங்கி, யாரோ சொன்ன அளவில் தானே போடுகிறான். மூன்று நாலு மாவட்டத்துச் சேவல்கள் ஒரு புதருக்குள் ரத்தத்தோடு கலந்துவிட்டு, ராத்திரியே தத்தம் ஊர் வாசலுக்குத் திரும்புகின்றன. ஒன்று சீக்காக விழுந்தால் டாக்டருக்குச் சொல்ல மாட்டார்கள்.

இப்படி ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவைப் பார்க்கலாம். அங்கே சேவல் சண்டை குற்றம். 2002 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில், வீட்டுக் கொல்லைகளில் வளர்த்த சண்டைச் சேவல்களில்தான் இந்த நோயின் கொடிய வகை முதலில் உறுதியானது. வளர்த்தவர்கள் பயந்து ஒளித்தார்கள், ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாற்றினார்கள். வணிகப் பண்ணைகளுக்குப் பரவியது. அடக்கி முடிப்பதற்குள் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளைக் கொல்ல வேண்டியிருந்தது. அரசுக்குச் செலவு 16 கோடி டாலர் அளவில். தாய்லாந்திலோ சண்டைச் சேவல் ஊர்வழக்கம். 2004இல் பறவைக் காய்ச்சல் வந்தபோது அங்கேயும் முதலில் ஒளிக்கத்தான் செய்தார்கள். அரசாங்கம் யோசித்து, சண்டைச் சேவல்களுக்குப் பாஸ்போர்ட் போல ஒரு பதிவுப் புத்தகம் கொடுத்தது. சேவலின் அடையாளம், சோதனை, எங்கிருந்து எங்கே போகிறது என்று எல்லாம் அதில் ஏறின. ஒளிக்கிறவனைத் துரத்துவதைவிடப் பதிகிறவனுக்கு வழி விடுவது நல்லது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இதில் இன்னொரு சங்கதி. பிராய்லர் கோழியின் தந்தை வழியில் கார்னிஷ் என்ற இனம் இருக்கிறது. அந்தக் கார்னிஷை இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உருவாக்கியது நம்முடைய அசீலைக் கொண்டுபோய்த்தான். அகன்ற நெஞ்சு அதிலிருந்து வந்தது. பல்லடத்துக் கொட்டகையில் ஆறே வாரத்தில் அறுக்கப்படும் கோழியின் உடம்பில் அப்புச்சியின் கட்டுத்தரை ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது. அந்த மூல இனத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டுக் காத்தவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்ல, களத்துக்காரர்கள். அவர்களைக் குற்றவாளிப் பட்டியலில் வைத்துவிட்டு அசீலை யார் காப்பது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. கிளிமூக்கு விசிறிவால் அசீல் சேவல்களுக்கு இப்போது கண்காட்சி நடக்கிறது, நல்ல விலைக்கும் போகிறது. நல்லதுதான். ஆனால் அழகுக்கு வளர்க்கும்போது மூக்கும் வாலும் பெரிதாகும். அப்புச்சி பார்த்த மூச்சும் காலும் மெல்ல மெல்லப் போய்விடும்.

ஆகவே நானும் எங்கள் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். எழுத எழுத எங்களுக்குள் சண்டை வந்தது. கத்தி கட்டுகிறவனுக்கு 50 ரூபாய் போதாது, கத்தி கட்டுவதை மட்டும் தனிக் குற்றமாக்கிக் கடுமையாகத் தண்டிக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்பது என் கட்சி. வெத்துக்கால் மட்டும் பகல் வெளிச்சத்தில், கால்நடை மருத்துவர் முன்னால், ஊசி போட்டுப் பதிந்த சேவல்களோடு, இரண்டு வயதுக்குக் குறையாமல் நடக்க வேண்டும். முள்ளுக்கு உறை போட வேண்டும். தண்ணி எத்தனை என்பதற்கு வரம்பு வேண்டும். கண்ணில் அடி பட்டால் அந்த இடத்திலேயே எடுத்துவிட வேண்டும். நுழைவுக் கட்டணம் ஊராட்சிக் கணக்கில் சேர வேண்டும். பந்தயப் பணம் கூடாது. அம்மாயி இருந்தால் இதற்கும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்குப் புதருக்குள் நடப்பதைப் பார்த்தால், இரண்டில் எதை முதலில் நிறுத்துவது என்று அவரும் கத்தியைத்தான் காட்டுவார்.

மாப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "கத்தியும் இல்லை, பந்தயமும் இல்லைன்னா யாரு மாமா வருவாங்க? முள்ளுக்கு உறை போட்டுட்டு அப்பறம் என்னத்தைப் பாக்கறது?"

"அப்புச்சி காலத்துல வந்தாங்கல்லடா. தண்ணிக்குத் தண்ணி உக்காந்து பாத்தாங்க."

"அப்ப டிவி இல்லைங் மாமா."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கூட்டம் குறையும். குறைந்து குறைந்து ஒருநாள் சேவல் சண்டையே தானாக நின்றும் போகலாம். அப்படி நின்றால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் குறை சொல்ல மாட்டேன். போலீஸ் துரத்தி அது நிற்கப்போவதில்லை என்பதை இவ்வளவு காலம் பார்த்தாகிவிட்டது. முள்ளுறை பற்றிய வரியை அடிக்க அவன் கேட்டான், நான் விடவில்லை. பந்தயம் பற்றிய வரிக்கு அவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்க வேண்டும். அவன் போடாவிட்டால் என் ஒரு கையெழுத்தோடு கொடுப்பேன். ஏட்டையாவிடம் போய், சேவல் தீனிக்கு அவர்கள் கைக்காசு போட்ட கணக்கையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்.